சைவத் தீவனம்

மக்காச்சோளக் கோழித் தீவனத்தை உள்ளங்கையில் கொட்டி மூன்றாவது முறையாக மோந்து பார்த்தார் ரிடையர்டு பேங்க் ஆபீசர் வெங்கடநாராயணன். கல்கத்தா பெஹாலாவில் தீவனக் கடை வைத்திருக்கும் நிமாய்க்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"இதிலே மீன்தூள் இருக்கா?"

"வங்காளத்திலே மீன் சேராத சாப்பாடா, காக்கு? அது இருந்தாத்தான் கோழி நல்லா முட்டை போடும்."

"கூடவே கூடாது! எங்காத்துக் கோழியும் சைவம்தான். முட்டையைக்கூட நாங்க தொடறதில்லை, அக்கம்பக்கத்துக்குத்தான் கொடுக்கறோம். வெறும் சோயா கலந்து கொடு. அப்புறம், பக்கத்து வீட்டுச் சேவல் விடியறதுக்குள்ளே கத்தி, என் கோழிகளைத் தூங்கவிடறதில்லை. அதுக்கு ஏதாவது தீவனம் உண்டா?"

மாலையில் அவர் வீட்டுக் கொல்லையில் மூட்டையை இறக்கிய நிமாய், கூண்டைப் பார்த்துத் திகைத்துப்போனான். சிவந்த கொண்டையும் வளைந்த வாலுமாக உள்ளே நின்றவை அத்தனையும் சேவல்கள்.

"காக்கிமா, இதுங்களா தினமும் முட்டை போடுது?"

வெங்கடநாராயணனின் மனைவி ரோஹிணி அவசரமாக உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசு. கரியாஹாட் மார்க்கெட்லே முட்டை வாங்கிண்டு வந்து நான்தான் கூண்டிலே வைக்கறேன். ரிடையர் ஆன புதுசுலே இந்த மனுஷர் நாள் முழுக்க என் அடுக்களையிலே நின்னுண்டு, துவரம்பருப்பை இப்படித்தான் மோந்து பார்த்துண்டிருந்தார். கோழி வந்தப்புறம்தான் நான் நிம்மதியாச் சமைக்கறேன்."

அதற்குள் வெங்கடநாராயணனே கொல்லைக்கு வந்துவிட்டார்.

"என்ன நிமாய், என் தீவனத்தோட மகிமையைப் பார்த்தியா?"

நிமாய் கூண்டைப் பார்த்தான். காக்கிமாவைப் பார்த்தான். தான் இறக்கிய மூட்டையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"சத்தியமாச் சொல்றேன் காக்கு, இந்த மாதிரிக் கோழி முட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை!"