ரக்பி மிஸ்

"முட்டை மாதிரி ஒரு பந்து. அதுக்காக வயசுப் பொண்ணுங்க அரை டிராயரைப் போட்டுக்கிட்டு ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து புரள்றது. இதுக்கு லீவு வேற வேணுமா?"

தாளாளர் லாசரஸ் சார் இதைக் கேட்டபோது ஆபீஸ் ரூமில் நாலைந்து டீச்சர்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசிக்கிற மனுஷர். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அவருக்கு ஒழுக்கம் பொங்கும்.

எதிரே நின்றவள் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்தப் பள்ளியின் பி.டி. மிஸ் அபிகாயில். பெண்கள் ரக்பியில் மாநில அணி கேப்டன். முதல் முறையாக இந்தியாவுக்குப் பெண்கள் டீம் எடுக்கிறார்கள். புனே முகாமுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இந்தியாவுக்கு ஆடற சான்ஸ் சார். எனக்கு இருபத்தொன்பது ஆயிடுச்சு. இனிமே வராது."

"இந்த வயசுல கழுத்துல தாலி ஏறணும். உனக்குத் தோள்பட்டையில கட்டு ஏறுது. போறதுன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ. என் பொண்ணை நான் பஸ்ஸுக்குக்கூட ஓட விட்டதில்லை, தெரியுமா?"

டீச்சர்கள் தலையாட்டினார்கள். சம்பளம் வாங்குகிற தலைகள், ஆடித்தானே ஆகணும்.

சாயங்காலம் பீர்க்கன்கரணை வீட்டில் அபிகாயில் ராஜினாமா எழுதிக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. எழுதும்போது அழுகை வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. லாசரஸ் சார். கையில் ஆப்பிள் பை, பின்னால் பிளஸ் டூ படிக்கும் மகள் ஜெமிமா.

"ஸ்தோத்திரம் மிஸ். காலையில ஏதோ டென்ஷன். லீவு சாங்ஷன் பண்ணிட்டேன், சம்பளத்தோட. நீங்க ஆடினா நம்ம ஸ்கூலுக்குத்தானே பெருமை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். காப்பி ஆறுவதற்குள் விஷயம் வெளியே வந்தது.

"அடுத்த வருஷம் இவளுக்கு இன்ஜினியரிங் சீட் வாங்கணும். மார்க் தேறாது மிஸ். ஸ்போர்ட்ஸ் கோட்டாதான் வழி. உங்க ரக்பியில ஆளே இல்லையாமே. சங்கத்துச் செயலாளரும் நீங்கதானாம். மாநில அளவுல ஆடினான்னு ஒரு சர்டிஃபிகேட்..."

"ஆடாதவளுக்கு எப்படி சார் குடுக்கறது?"

"யாரு மிஸ் பார்க்கப் போறா?"

"என் டீம்ல ஒருத்தி பரோட்டா கடையில மாவு பிசைஞ்சுட்டு பிராக்டீசுக்கு வரா. இன்னொருத்தி மூக்கு உடைஞ்சும் ஆடினா. அவங்க வாங்கற சர்டிஃபிகேட் சார் அது. உங்க லீவு எனக்கு வேணாம்."

ராஜினாமாவில் கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.

லாசரஸ் சார் அதை வாங்கவில்லை. மகளை ஏற இறங்கப் பார்த்தார். ஜெமிமா மூலையில் கிடந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கிழிச்சுப் போடுங்க மிஸ். புனே போயிட்டு வந்து இவளையும் டீம்ல சேர்த்துக்குங்க. நிஜமாவே ஆடட்டும், விழட்டும், புரளட்டும்."

எட்டிப் பார்த்துத் தெருவில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சபையில மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தையல் கிளாஸ் போறான்னு சொல்லிக்கறோம்."