கொடுத்த பட்டு

ஸ்வாதி புடவையின் கரையைத் திருப்பிப் பார்த்தாள். ஃபால்ஸ் பாதிவரை அரக்கு நூலில் தைத்திருந்தது. மீதிப் பாதி பச்சை நூல்.

"இது எங்க அத்தையோடது," என்றாள்.

சங்கரி கையிலிருந்த ஊக்கு டப்பாவைக் கீழே வைத்தாள்.

கேளம்பாக்கத்தில் கோவளம் போகும் சாலையில், மொபைல் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது சங்கரியின் பழைய துணிக் கடை. அடுத்தவர் பீரோவில் இருபது முப்பது வருஷம் மடிந்து கிடந்த புடவைகளையும் சட்டைகளையும் வாங்கி, அலசி, கிழிசல் தைத்து, புதுசு போலக் கம்பியில் மாட்டி வைப்பாள். ஐ.டி. கம்பெனிப் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களைக் கூட்டிவந்து பழக்கியதே ஸ்வாதிதான்.

போன மாதம் ஏரி உடைந்து, சங்கரி பிறந்து வளர்ந்த தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. நாவலூரில் ஸ்வாதி இருக்கும் அடுக்ககத்திலிருந்து பன்னிரண்டு மூட்டைத் துணி வந்தது. அதை வாங்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது சங்கரி.

இந்த மாம்பழ நிறப் பட்டு அந்த மூட்டைகளில் ஒன்றில் வந்ததுதான். பச்சை நூல் போட்டது தன் கைதான் என்றாள் ஸ்வாதி. தைத்துக்கொண்டிருக்கும்போது அரக்கு நூல் தீர்ந்துபோனதாம்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் சங்கரிக்குத் தாங்கவில்லை.

மாமியார் ஞானம்மாள் பீரோவைத் திறந்து நின்றதை ஸ்வாதி சொன்னாள். வேண்டாததைக் கொடுப்பது கொடுத்ததாகாது, ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண் கல்யாணத்துக்குக் கட்டட்டும் என்று இதைத் தானே எடுத்து வைத்தாராம். வைக்கும் முன் ஒருமுறை முகர்ந்து பார்த்தாராம்.

"ஒரு மாசம்கூட ஆகல சங்கரிக்கா. வித்துட்டாங்க."

சுவரோரம் கண்ணாடி முன்னால் ஜாக்கெட் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அடுக்ககத்தில் சிலர் முதலிலேயே சொன்னார்களாம், எதைக் கொடுத்தாலும் அந்த ஜனங்கள் விற்றுவிடுவார்கள் என்று. ஸ்வாதி அவர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். சண்டை போட்டுத்தான் தெருவின் இருபத்தாறு வீட்டுக்கும் கூரைத் தகடு வாங்கித் தர ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். லாரி வருகிற ஞாயிற்றுக்கிழமை.

இப்போது அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். யார் கொண்டுவந்து விற்றது என்றும் கேட்டாள்.

கேட்டுக்கொண்டே புடவையைப் போனில் படம் எடுத்தாள்.

சங்கரி அந்தப் போனையே பார்த்தாள். தெருவில் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழேதான் சமையல் நடக்கிறது. நேற்றும் மழை.

"தெருவுல யாரும் விக்கல மேடம். மூட்டையப் பிரிக்கிறப்பவே நான்தான் எடுத்து வச்சிக்கினேன்."

ஸ்வாதி போனைத் தாழ்த்தினாள்.

"நீங்களா?"

சங்கரி தலையை மட்டும் ஆட்டினாள்.

கண்ணாடி முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி ஜாக்கெட்டை வேறு ஏதோ ஹேங்கரில் மாட்டினாள். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

தண்ணீரில் நின்ற சொந்த ஜனத்திடமிருந்து எடுக்க எப்படி மனசு வந்தது என்று ஸ்வாதி கேட்டாள். ஐந்து வருஷமாக இந்தக் கடைத் துணியைத்தானே ஆசையாக உடுத்துகிறேன் என்றாள். சொல்லும்போது தன் மேலிருந்த குர்தாவைத் தொட்டாள். அதுவும் இங்கே வாங்கியதுதான்.

சங்கரி புடவையை இறக்கி, நீவி மடித்து, கவரில் போட்டு நீட்டினாள். ஸ்வாதி வாங்கிக்கொண்டாள்.

தெரு ஜனங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, தகடு சொன்னபடி வரும் என்றாள். ஆனால் சங்கரி அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. அடுக்ககத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடப் போவதாகச் சொன்னாள். அந்தக் குரூப்பில் இருப்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கடைக்கு வருகிறவர்கள்.

அவள் வண்டி திரும்பும்வரை சங்கரி வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து தெருவில் இருக்கும் முனியம்மாவுக்குப் போன் செய்தாள்.

யாராவது கேட்டால், உனக்குப் பட்டு எதுவும் வரவில்லை, போர்வையும் நைட்டியும்தான் வந்தது என்று சொல் என்றாள்.

முனியம்மா விஷயத்தை விடாமல் கேட்டு வாங்கினாள். கேட்டதும் மகளையும் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்பி வருகிறேன், அந்த அம்மாவிடம் நானே உண்மையைச் சொல்கிறேன் என்றாள்.

"கூரை ஏறட்டும்க்கா. அது வரைக்கும் வாயத் தொறக்காத," என்று சங்கரி போனை வைத்தாள்.

முனியம்மாவின் வீட்டில் பின்சுவர் விழுந்து பெட்டியோடு எல்லாம் சேற்றில் போயிருந்தது. மகள் தமிழ்ச்செல்வி செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போகிறவள். உடுத்திப் போக ஒன்றுமில்லாமல் எட்டு நாளாக வீட்டிலேயே கிடந்தாள். அப்போதுதான் முனியம்மா இந்தப் பட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். சங்கரி அதை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணின் அளவுக்குப் பிடித்துத் தைத்து ஐந்து சுடிதார் கொடுத்தாள். மறுநாளே தமிழ்ச்செல்வி பஸ் ஏறினாள்.

அன்றைக்குப் பையை நீட்டிவிட்டும் முனியம்மா கையை எடுக்கவில்லை. கொடுத்தவர்களுக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று கேட்டாள்.

சங்கரி சிரித்துவிட்டாள்.

"அந்த மேடத்த எனக்கு நல்லாத் தெரியும்க்கா. சந்தோஷம்தான் படுவாங்க."