வளைவில் கழுத்தளவு

“கம்ப்யூட்டர் மாடல் கணக்குப்படி உங்க மடையில நேத்து ஆறு மணி நேரம் தண்ணி பாஞ்சிருக்கு. அதை எங்கேம்மா திருப்பி விட்டீங்க?” என்று கேட்டார் வாய்க்கால் அதிகாரி.

வெடித்துக் கிடந்த வயலைக் காட்டினேன். கையிலிருந்த திரையை விட்டு அவர் நிமிரவேயில்லை. வாய்க்கால் வளைவுக்கு அவரை இழுத்துப்போனேன். தண்ணீர் எதிர்க்கரையை அறுத்துக்கொண்டு ஓட, எங்கள் மடைவாயில் மணல் மேடிட்டிருந்தது. தூர்வாரினால் மாடல் கெட்டுவிடும் என்று எங்களைத் தடுத்ததே இந்த ஆள்தான்.

மேட்டின் மேல் ஏற்றி நிறுத்தினேன்.

“நீங்க நிக்கிற இடத்துல இப்ப எவ்வளவு தண்ணி சார்?”

“கழுத்தளவு,” என்றார், திரையைப் பார்த்து.

“கீழே பாருங்க.”

காய்ந்த மணலில் நின்ற தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த மணலை யாரும்மா இங்க கொண்டுவந்து கொட்டினது?”