மொட்டைமாடிச் சிப்பாய்கள்

“தின்னர் வாடை எனக்குக் குமட்டுதுங்க. பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கணும்னா மாடிக்குப் போயிடுங்க.”

“அதுக்கென்ன, போயிட்டாப் போச்சு.”

கல்யாணமான புதிதில் மைதிலி கேட்டதும் சம்பந்தம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதும் அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக அவன் அந்தப் பேச்சை மீறியதில்லை.

இன்று ஆவடி குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் கத்திரி வெயில் கொளுத்தியது. கட்டைவிரல் உயரச் சிப்பாய் பொம்மைகளுக்குக் கண் எழுத வேண்டும். தூரிகை முகத்தைத் தொடுவதற்குள் பெயின்ட் இறுகிவிடுகிறது. வியர்வையில் விரல் வழுக்குகிறது. நாளைக்குக் கண்காட்சி. பத்துச் சிப்பாய்களில் ஒன்பது பேருக்கு இன்னும் கண்ணில்லை. கீழே ஃபேன் இருக்கிறது. ஆனால் அவளிடம் கேட்க மனம் வரவில்லை.

மைதிலி மோர் கொண்டுவந்தாள்.

“ஒன்பது பேரும் கண்ணு இல்லாமலேயா சண்டைக்குப் போறாங்க?”

“வெயில் விடமாட்டேங்குது. நான் என்ன பண்ண?”

மோரை வாங்கத் திரும்பியபோது அவன் முழங்கை பட்டு, தின்னர் டப்பா அவள் காலடியில் கவிழ்ந்தது.

“ஐயோ, தள்ளிப் போ. குமட்டப் போகுது.”

அவள் மூக்கைக்கூட மூடவில்லை. நிதானமாகக் குனிந்து முந்தானையாலேயே துடைத்தாள்.

“மைதிலி?”

“ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அதோட எனக்கு எந்த வாசனையும் தெரியலைங்க. சொன்னா கேஸ் அடுப்புப் பக்கமே விடமாட்டீங்கன்னு மறைச்சிட்டேன்.”

ஈர முந்தானையைப் பிழிந்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“கீழ வந்து அடிங்களேன்.”