கேப்டனை வரச் சொல்லு

தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்ததால் இரண்டு கம்பங்களையும் நிமிர்த்திப் பிடிக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.

மைதானக் கான்டீனில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து கயிற்றில் தொங்கினார்கள்.

கம்பங்களுக்கு நடுவே, வீட்டுக்கூரை உயரத்துக்கு, ரோவீனா செய்த காகிதப் பேனர். சிறகு விரித்த ஒரு கறுப்புக் காக்கட்டூக் கிளி. அதன் காலடியில் மஞ்சள் எழுத்து: வழி விடு, பிண்டாரா வருகிறது.

ரோவீனா அதற்கு முன்னால் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி, நீண்ட மழைக்கோட்டின் மேல் புகைப்படக்காரர்களுக்கான ஆரஞ்சு மேலாடையோடு, காமிராவில் வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளப்புத் தலைவர் நெவில் மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தார். அந்த மனிதர் ஓடி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

“ஏ ரோவீனா, இதை எதுக்கு இப்பத் தூக்கி நிறுத்தினே? இது பையங்களுக்கு. அவங்க ஃபைனல் ரெண்டரைக்கு.”

“தெரியும்.”

“இப்ப பொண்ணுங்க ஆட்டம்.”

“அதுவும் தெரியும், நெவில். பின்னாடி நிக்கறாங்க, கேட்கலையா?”

பேனருக்குப் பின்னாலிருந்து, முள் வைத்த காலணிகள் தரையைக் கொத்தும் சத்தம் வந்தது.

பிண்டாரா ஊரில், ஃபுட்டி என்று அவர்கள் சொல்லும் கால்பந்தின் இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒரு பேனர்தான். வாரமெல்லாம் உட்கார்ந்து ஒட்டுவார்கள். சனிக்கிழமை அணி அதை நெஞ்சால் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் பாயும். கிழிந்தது கிழிந்ததுதான். பேனர் இல்லாமல் இறுதி ஆட்டத்துக்கு வந்த அணியை அந்த ஊர் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டும்.

பெண்கள் அணிக்கு ஒருமுறைகூட யாரும் ஒட்டியதில்லை.

“அவளுங்க கிழிச்சுட்டா பையங்க எதுல ஓடி வருவாங்க?”

“சும்மா ஓடி வரட்டும். பொண்ணுங்க மூணு வருஷமா சும்மாதான் ஓடி வர்றாங்க. கால் ஒண்ணும் தேஞ்சு போயிடல.”

எல்லைக்கோட்டை ஒட்டி நிறுத்தியிருந்த கார் ஒன்றின் பானெட் மேல் உட்கார்ந்திருந்தவர் கத்தினார்: “யோவ் நெவில், ஓரமா நில்லுய்யா. உன் தொப்பை பேனரை மறைக்குது.”

பக்கத்துக் கார்கள் ஹாரன் அடித்துச் சிரித்தன.

நெவில் குரலைத் தாழ்த்தினார். கோபம் வந்தால் அவர் குரல் தாழும்.

“திங்கட்கிழமை கமிட்டி கூடுது. படம், போஸ்டர், டிசைன் எல்லாம் ஒரு வருஷத்துக்கு உனக்குத்தான்னு சொல்லி வச்சிருக்கேன். சம்பளத்தோட. என் கையெழுத்துதான் பாக்கி. யோசிச்சுக்கோ.”

ரோவீனா யோசித்தாள். ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே யோசித்தாள். அதிகாலையில் எழுந்து கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குகிறவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவள். அந்தக் கையெழுத்து விழுந்தால் பண்ணைக்குப் போக வேண்டாம். என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், புகைப்படக்காரி என்று தயங்காமல் சொல்லலாம்.

காற்று பேனரை ஒருமுறை உப்ப வைத்தது.

“பேசி முடிங்கப்பா, கை கழண்டுரும் போல இருக்கு” என்றாள் கயிற்றில் தொங்கியவர்களில் ஒருத்தி.

“இறக்கச் சொல்லு” என்றார் நெவில்.

“நிறுத்தினது நான். இறக்க மாட்டேன்.”

“உன்கிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. அந்தப் பொண்ணுங்களோட கேப்டன் யாரு? வரச் சொல்லு. அவகிட்ட பேசிக்கறேன்.”

ரோவீனா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கேலிக்குக் கேட்கிறாரோ என்று பார்த்தாள்.

கேலி இல்லை.

“சரி, வரச் சொல்றேன். இதைக் கொஞ்சம் பிடிங்க. கீழ போட்டுடாதீங்க.”

காமிராவை அவர் கையில் வைத்தாள். அவர் சுட்டுவிரலைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தாள்.

“பேனர் அசைஞ்சா அமுக்குங்க. விடாம அமுக்குங்க. மிச்சத்தை அது பார்த்துக்கும்.”

“ஏய், நான் எதுக்கு…”

அவள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டாள்.

நெவில் நின்றார். வருகிற கேப்டனிடம் கறாராகச் சொல்லிவிட வேண்டும் என்று நின்றார்.

ஒலிபெருக்கியில் கிளப்புப் பாட்டு கரகரத்தது. காக்கட்டூவின் நெஞ்சு முன்னால் பிதுங்கியது.

பிறகு கிழிந்தது.

கேப்டன்தான் முதலில் வருவது வழக்கம். முதலில் வந்தவள் மேல் மழைக்கோட்டு இல்லை, ஆரஞ்சு மேலாடை இல்லை. கறுப்பும் மஞ்சளுமான அணிச் சட்டை. தலைமுடியில் ஒட்டிக்கொண்ட காகிதச் சிறகு.

ரோவீனா.

மூன்று வருடமாக அவள்தான் கேப்டன். பெண்கள் ஆடிய ஆட்டம் ஒன்றுக்காவது வந்து வேலியோரம் நின்றிருந்தால் நெவிலுக்குத் தெரிந்திருக்கும்.

“கேப்டன் வந்தாச்சு, நெவில். என்னமோ பேசணும்னீங்களே?”

ஓட்டத்தை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனாள். அவள் பின்னால் இருபது பேர், அவரை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு.

அவர் விரல் அவள் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை கையெழுத்து விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் பங்கு என்று ஊர் முழுக்க ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கிழிந்த காகிதத்தின் நடுவிலிருந்து வாயைத் திறந்துகொண்டு பாய்ந்து வருகிறார்கள் பிண்டாராவின் பெண்கள். மைதானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, பாதிப் படம் வானம். ரோவீனா எதையும் நிமிர்த்தவில்லை.

கீழே, யாரும் தவறவிட முடியாத அளவில், அவளே எழுத்து கோத்திருந்தாள்:

படம்: நெவில் டிரான்டர், கிளப்புத் தலைவர்.