மாடி வீட்டுச் சண்டை

“அந்த மாடி வீட்டை வித்துடுங்க. இனிமே உங்களுக்கும் எனக்கும் ஒத்து வராது.”

அந்தப் பெண் இப்படிச் சொன்னதும், வீட்டுத் தரகர் காதிலிருந்த போனைச் சட்டென்று கீழே இறக்கினார்.

அதுவரை அந்த ரயில் பெட்டி முழுக்க அவர் குரல்தான். ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒருவருக்கு வாடகை வீடு, இன்னொருவருக்கு முக்குக் கடை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார். போதாக்குறைக்குப் பின் பெஞ்சில் ஒரு சீட்டாட்டக் கோஷ்டி வேறு. ஒவ்வொரு ஆட்டம் முடியும்போதும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல்.

எதிர் பெஞ்சில் ஒரு அப்பாவின் மடியில் சின்னப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், அவன் முன்பே கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

“சார், கொஞ்சம் மெதுவா பேசுங்களேன். பாப்பாவுக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல. நல்லாத் தூங்கினாத்தான் உடம்பு தேறும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

“ரயில்ல வந்துட்டு மெதுவா பேசுன்னா எப்படிப்பா? இதென்ன உன் வீட்டு பெட்ரூமா? என் பொழைப்பே இந்த வாயிலதான் ஓடுது” என்றார் தரகர். சீட்டாட்டக்காரர்கள் அதற்கும் சேர்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். குழந்தை சிணுங்கிக்கொண்டே புரண்டது. அவன் வேறு வழி தெரியாமல் அதன் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் அவன் இருந்த அதே பெஞ்சின் மறுகோடியில், நடுவில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண் வாயைத் திறந்தாள். விரலில் சிவப்பு மை, பையின் மேலெல்லாம் சாக்பீஸ் தூள். தரகர் அதையெல்லாம் எங்கே கவனித்தார்? மாடி வீடு என்று காதில் விழுந்ததுமே அவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டால் வீடு விலைக்கு வரும், வீடு விலைக்கு வந்தால் கமிஷன் வரும். அவருக்குக் கிடைத்த நல்ல வீடுகளில் பாதி இப்படி வந்தவைதான்.

குழந்தையின் அப்பா திருதிருவென்று விழித்தான். “எ... எந்த மாடி வீடு?”

மாட்டிக்கொண்ட புருஷன் எவனும் முதலில் இப்படித்தான் முழிப்பான் என்று தரகர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

“ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காதீங்க” என்றாள் அவள், குரலை ஒரு படி இறக்கி.

அவன் அவளைப் பார்த்தான். மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தான். “சரி, அந்த வீடா? அதை நான் விக்க மாட்டேன்” என்றான், அவளைப் போலவே தணிந்த குரலில்.

தரகரின் போன் அலறியது. “அப்புறம் பேசறேன், வையி” என்று கிசுகிசுத்துவிட்டு, வாங்கிய நாளாக அடங்காத அந்தப் போனின் வாயை அவரே அடைத்தார்.

பின்னால் மறுபடி ஒரு கூச்சல் எழுந்தது. அவள் குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. தரகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், கொஞ்சம் வாயை மூடுங்கய்யா! இங்க ஒரு குடும்பமே உடையுது, உங்களுக்குச் சீட்டு கேக்குதா?”

“அப்படியா! என்ன சார் விஷயம்?”

“மாடி வீடு. பிரியறாங்க.”

அடுத்த வீட்டுச் சண்டை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? சீட்டுகள் அப்படியே குப்புறக் கவிழ்ந்தன. அத்தனை பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

“பின்பக்கம் தோட்டம்... முன்னால கார் நிறுத்த இடம்... நானே ஆள் பார்த்து வித்துடறேன்... விலை மட்டும்...” என்று அவள் முணுமுணுத்தாள். யாரோ இருமினார்கள். விலை என்னவென்று சொல்லும்போது அவள் உதடு மட்டும்தான் அசைந்தது.

தரகர் விழாத குறையாக முன்னால் சாய்ந்தார். இருமியவரை நாலு பேர் முறைத்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கியது.

ஊர்கள் வந்தன, போயின. சண்டை மட்டும் கிசுகிசுவென்று நடந்துகொண்டே இருந்தது. ஒருமுறை அவன் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்வை. அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

வீட்டை விற்கச் சம்மதித்துவிட்டான் என்று தரகர் முடிவு கட்டினார்.

அடுத்த நிலையத்தில் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழந்தையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

“ஐயையோ, பிள்ளையக்கூட விட்டுட்டுப் போறாங்களே!” தரகர் துள்ளி வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தார். எங்கே குழந்தை எழுந்து காரியம் கெட்டுவிடுமோ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மனசைத் தளர விடாதீங்க தம்பி. சேர்ந்து வாழணும்னாலும் பேசிச் சேர்த்து வைக்க நான் இருக்கேன், வீட்டை விக்கணும்னாலும் நான் இருக்கேன். அந்த மாடி வீடு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

அவன் குழந்தையின் வியர்வையைப் பூப்போலத் துடைத்துவிட்டு, தரகரைவிட மெதுவாகச் சொன்னான்:

“அதை அவங்களைத்தான் கேக்கணும் சார். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”