கடைசித் தண்ணீர்

நடிகர் தொமெசோ இறந்துவிட்டதாக எடோ நகரம் முழுக்கப் பேச்சு. இருபது வருடமாக அவர் முகத்தை அச்சடித்து விற்றே பிழைத்த கன்ரோக்கு, அவசரமாக அச்சுப்பலகை செதுக்கவைத்து, வெளிர்நீலச் சாவு உடையில் அவருடைய அஞ்சலிப் படத்தை மறுநாளே கடையில் தொங்கவிட்டார்.

முகத்தைத் துணியால் சுற்றியிருந்த ஒல்லியான மனிதர் ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கிக்கங்க ஐயா. எனக்கு அண்ணன் மாதிரி அவரு."

"பத்து மாசமாப் படுக்கையில கிடந்தாராமே. போய்ப் பாத்தீங்களா?" என்றார் வந்தவர், கம்மிய குரலில்.

"பாக்காம இருப்பேனா? தினம் போவேன். கடைசித் தண்ணியே நான்தான் ஊத்தினேன்."

"ஏதாவது சொன்னாரா?"

"'என் மூஞ்சிய உன்னை மாதிரி யாருமே அச்சடிச்சதில்லடா'ன்னாரு. அப்படியே கண்ண மூடிட்டாரு."

வந்தவர் காசை வைத்துவிட்டு ஒரு படத்தை எடுத்துக்கொண்டார். பிறகு மெல்லத் துணியை அவிழ்த்தார். படத்தில் இருந்த அதே வளைந்த மூக்கு.

கன்ரோக்கு பாயில் நெற்றி படக் குனிந்தார். எழவில்லை.

"பத்து மாசமும் வாசலையேதான் பாத்துக்கிட்டுக் கிடந்தேன், கன்ரோக்கு," என்றார் தொமெசோ. "ஒருத்தரும் வரல. வீடு ஒண்ணும் தூரமில்ல. சாகறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ."